ஊசியை நிறுத்திவிட்டுப் பிரார்த்தனை மட்டும் செய்யும் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

காட்பாடி டீச்சர்:

வணக்கம். காட்பாடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, ஆறாவது படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு அவளுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை. இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டிய டைப் 1. அப்பாவும் அம்மாவும் தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறார்கள். நல்ல மனிதர்கள். பிள்ளை என்றால் உயிர்.

பிரார்த்தனையால் நோய் தீர்க்கிறார் என்று பேர் வாங்கிய ஒரு பெரியவரிடம் அவளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் தலையில் கை வைத்து, "குணமாகிவிட்டது, இனி ஊசி போட்டால் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்" என்றாராம். ஊசியை நிறுத்திவிட்டார்கள். எந்த மதம், எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் இந்த இழை எந்தப் பக்கம் ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்று மதியம் அவள் சத்துணவைத் தொடவில்லை. வாந்தி எடுத்தாள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பெஞ்சில் தலையைச் சாய்த்தவளை எழுப்புவதே பாடாகிவிட்டது. அம்மா வந்து கூட்டிப் போனார், "வெயில், மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன். அவர்கள் மனம் நோகக் கூடாது, போலீஸ் அது இது என்று போகவும் விருப்பமில்லை. இப்படிப்பட்டவர்களிடம் யாராவது பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

வார்டு சிஸ்டர்:

டீச்சர், ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

மூச்சைப் பாருங்கள். ஓடி வந்தவளைப் போல ஆழமாக, வேகமாக இழுக்கிறாளா? வாயில் பழம் அழுகின வாசனை வருகிறதா? இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பைக் கரைக்கும். அதனால் ரத்தத்தில் அமிலம் ஏறும். கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். வாந்தி, வயிற்று வலி, அடங்காத தாகம், தூக்கம் மாதிரி தெரிகிற மயக்கம் எல்லாம் அதன் அடையாளம்தான். ஊசி நின்ற டைப் 1 பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாளிலேயே வரலாம். வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாசாரம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். அந்தப் பெரியவரைப் பற்றியும் வேண்டாம். "பிரார்த்தனையை நிறுத்த வேண்டாம், வண்டியில் உட்கார்ந்து செய்துகொண்டே வாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். நம்பர் வந்தால் நீங்கள் பேசவே தேவையிருக்காது.

தறிக்காரன்:

சிஸ்டர் சொன்னபடி முதலில் ஓடுங்கள் டீச்சர். ஆனால் எந்தக் கூட்டம் என்று சொன்னால்தானே மற்ற பெற்றோரும் உஷாராக இருப்பார்கள்? மறைப்பதால் யாருக்கு லாபம்?

இழைக் காவலர்:

மதத்தை ஊகித்து எழுதிய பதிவுகளை நீக்கிவிட்டோம். டீச்சர் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். தொடர்ந்தால் இழையைப் பூட்டுவோம்.

காட்பாடி டீச்சர்:

கிளம்பிவிட்டேன். ஹெச்.எம். கூட வருகிறார்.

கருப்புச்சட்டை:

எனக்குக் கோபம்தான் வருகிறது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ சொத்தை விற்றுக்கொண்டு வைத்தியத்துக்கு இந்த வேலூருக்கு வருகிறார்கள். லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள மொழியில் எழுதியிருக்கிறது. உள்ளூர்க்காரன் மட்டும் தாயத்துக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நிற்கிறான். இதில் மனம் நோகாமல் பேசுவது என்ன வேண்டிக்கிடக்கிறது? அறியாத பிள்ளையின் உயிரை வைத்துச் சூதாடுகிற பெற்றோரை உள்ளே தள்ளினால் அடுத்த பத்துப் பேருக்குப் புத்தி வரும்.

தறிக்காரன்:

தோழர், உள்ளே தள்ளுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். இந்த ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது வேறு, நெசவுக்காரன் அதற்குள்ளே நுழைந்து வெளியே வருவது வேறு. என் தங்கை பிள்ளைக்கு வலிப்பு. ஓர் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். விடியற்காலை சீட்டு போட்டு, மதியம் டாக்டரைப் பார்த்து, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். "மூணு வருஷம் விடாம மாத்திரை கொடுங்க" என்பது மட்டும் தங்கைக்குப் புரிந்தது. ஏன், எதற்கு, நடுவில் விட்டால் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. கேட்டதற்கு "எழுதியிருக்கு பாருங்க" என்று ஒரு சிடுசிடுப்பு. அன்றைக்குத் தறி ஓடவில்லை, அந்தக் கூலி போச்சு.

அதே பிள்ளையைச் சோளிங்கருக்குக் கூட்டிப் போனார்கள். தக்கான் குளத்தில் முழுகி, மலை ஏறினார்கள். அங்கே இதே மாதிரி பிள்ளைகளோடு வந்த நாலு தாய்மார்கள் இருந்தார்கள். உட்கார்ந்து அழுதார்கள், பேசினார்கள். என் தங்கை சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் நீங்கள் முடித்துவிடலாம். அவளுக்கு வேறு எங்கேயும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது.

வார்டு சிஸ்டர்:

மாத்திரை?

தறிக்காரன்:

நடக்கிறது சிஸ்டர். எங்கள் நைனாவுக்குச் சாமி பக்தி அதிகம்தான். ஆனால் "சாமி சாமி வேலையைப் பார்க்கட்டும், நீ மாத்திரையைக் கொடு" என்று ஒரே பிடியாக நின்றார்.

வார்டு சிஸ்டர்:

உங்கள் நைனாவுக்கு என் கும்பிடு. வலிப்பு நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர் சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

வெளிநாட்டு ஆற்காட்டான்:

பிறந்தது தோப்புக்கானா, இப்போது இருப்பது ஒஹாயோ. இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்காதீர்கள். இதே வியாதி, 2008-ல், விஸ்கான்சின் மாநிலத்தில் 11 வயதுப் பெண் குழந்தை. அவளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகவில்லை. நடக்கவும் பேசவும் முடியாமல் படுத்துவிட்ட பிள்ளையைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். இறந்துபோனாள். பெற்றோர் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆண்டுக்கு 30 நாள் வீதம் 6 ஆண்டு சிறை. மற்ற பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பதால் அப்படி ஒரு தண்டனை.

1998-ல் ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. 1975-இலிருந்து 1995 வரை, மத நம்பிக்கையால் வைத்தியம் மறுக்கப்பட்டு இறந்த 172 பிள்ளைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 140 பேருக்கு வந்தது, வைத்தியம் பார்த்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிற நோய்கள்.

இதைவிட வேடிக்கை, அங்கே சட்டமே இதற்கு இடம் கொடுத்ததுதான். 1974-ல் குழந்தைப் பாதுகாப்புக்கு மத்திய அரசுப் பணம் வேண்டுமென்றால் மாநிலங்கள் மதத்துக்கு விலக்கு வைக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். 1983-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், ஆனால் பல மாநிலங்களில் விலக்கு அப்படியே தங்கிவிட்டது. ஓரிகானில் ஒரு சபையில் பிள்ளைகள் வரிசையாகச் செத்த பிறகு 2011-ல் துடைத்தெறிந்தார்கள். ஐடஹோவில் இன்னும் இருக்கிறது.

கருப்புச்சட்டை:

பாருங்கள், அங்கேயே உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

வக்கீல் வாலாஜா:

தள்ளியிருக்கிறார்கள், பிள்ளை செத்த பிறகு. டீச்சருக்கு வேண்டியது பிள்ளை உயிரோடு இருக்கும்போது என்ன செய்யலாம் என்பது.

நம் ஊர்ச் சட்டத்தில் மதத்துக்கென்று விலக்கு எதுவும் கிடையாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75: பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதற்குத் தேவையில்லாத துன்பம் வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே புறக்கணித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நான் டீச்சருக்குச் சொல்வது 1098. குழந்தைகள் உதவி எண். கூப்பிட்டவர் பேர் வெளியே வராது. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு உண்டு, பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க உத்தரவு போட அவர்களால் முடியும். பெற்றோரைக் கைது செய்யாமலே காரியம் நடக்கும்.

பெற்றோரை முதல் ஆளாகப் பிடித்தால் என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வீட்டில் இதே மாதிரி ஒரு பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டார்கள், டீச்சர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வார்கள். சட்டம் கை வைக்க வேண்டிய இடம், "ஊசி போடாதே" என்று சொன்ன வாய். அங்கேதான் நம்மிடம் ஓட்டை. 1954-இன் மந்திர வைத்திய விளம்பரச் சட்டம் இருக்கிறது, அதன் பட்டியலில் நீரிழிவும் வலிப்பும் உண்டு. ஆனால் அது விளம்பரத்தைத்தான் தடுக்கும். நோட்டீஸ் அடித்தால் குற்றம், காதில் சொன்னால் பிடிப்பது கஷ்டம். மகாராஷ்டிரத்தில் 2013-ல் கொண்டுவந்த சட்டத்தில் நாய், பாம்பு, தேள் கடித்தவரை வைத்தியத்துக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரம் போடுவதையே தனிக் குற்றமாக எழுதியிருக்கிறார்கள். கர்நாடகத்திலும் 2017-ல் ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. பகுத்தறிவு பேசின மாநிலத்தில் இல்லை என்பதைக் கருப்புச்சட்டை அண்ணன்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கருப்புச்சட்டை:

யோசிக்கிறேன், வக்கீல். அதில் எனக்கும் வருத்தம்தான்.

அணைக்கட்டு மலைக்காரன்:

எல்லாரும் பெற்றோர் "தேர்ந்தெடுக்கிறார்கள்" என்கிற மாதிரியே பேசுகிறீர்கள். 2023 மே மாதம் அல்லேரி மலை, அத்திமரத்துக்கொல்லை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைத் திருப்பி எடுத்து வந்த ஆம்புலன்ஸ் அடிவாரத்துப் பக்கமே நின்றுவிட்டது. அந்தத் தாய் பிள்ளையின் உடலைச் சுமந்துகொண்டு மலை ஏறினாள். டிவியில் எல்லாரும் பார்த்தீர்கள்.

அங்கே யாரும் மந்திரவாதியிடம் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். மலைமேல் எங்கள் ஆட்கள் பச்சிலைக்காரரிடம் போகிறார்கள் என்றால் அவர் வீடு பக்கத்தில் இருக்கிறது, ராத்திரியில் எழுப்பினாலும் வருவார். ரோடு போட்டுவிட்டு அப்புறம் எங்களுக்கு அறிவு சொல்லுங்கள்.

தோல்ஷாப் பாய்:

மலைக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு. கொஞ்சம் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஆம்பூரில் சாயங்காலம் மஃக்ரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு எங்கள் தெருப் பள்ளிவாசல் வாசலில் பாருங்கள். கைக்குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள், பாதிக்கு மேல் இந்துப் பெண்கள். சொம்பில் தண்ணீர் வைத்திருப்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது. பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறது, பயந்திருக்கிறது, பால் குடிக்கவில்லை என்று வருவார்கள். நானும் ஊதியிருக்கிறேன். மருந்து நிறுத்து என்று அங்கே யாரும் சொல்லி என் காதில் விழுந்ததில்லை. எங்கள் ஹஜ்ரத், காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைப் பார்த்தால் ஓதிவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டினியா அம்மா?" என்றுதான் கேட்பார். நோயைக் கொடுத்தவன் மருந்தையும் கொடுத்திருக்கிறான் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தருவது.

ஆக, ஓதுகிறவர்களையும் "ஊசி போடாதே" என்கிறவர்களையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

சபை ஊழியன்:

நானும் ஒரு சின்ன ஜெப வீடு நடத்துகிறேன். இந்த இழையைப் படிக்கப் படிக்க யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. சுகமளிக்கிறது கர்த்தர் என்று நம்புகிறேன். வியாதிக்காரருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறேன். சுவிசேஷம் எழுதிய லூக்கா தொழிலில் வைத்தியர் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடரும் விசுவாசிதான், ஜெபித்துக்கொண்டுதான் கத்தியை எடுத்தார்கள்.

ஆனால் கருப்புச்சட்டை அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர்கள் "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்புகிற பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்களிடம்தான் வருகிறார்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நாங்கள். அதைப் பித்தலாட்டம் என்று சொல்லாதீர்கள். சுகமான பிள்ளைகளையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கருப்புச்சட்டை:

ராத்திரி முழுக்க உட்காருவதை மதிக்கிறேன் ஐயா. ஆனால் சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்கள் பிழைத்தவர்கள் மட்டும்தானே? ஜெபித்தும் செத்துப்போன பிள்ளையின் அப்பாவுக்கு என்றைக்காவது மைக் கொடுத்திருக்கிறீர்களா?

சபை ஊழியன்:

இல்லை. கொடுத்ததில்லை.

வார்டு சிஸ்டர்:

ஊழியர் ஐயா கண்ணால் பார்த்தேன் என்கிறார். நம்புகிறேன். குழந்தைகள் வார்டில் எத்தனையோ வருஷம் இருந்தவள் என்கிற முறையில், ஏன் அப்படித் தெரிகிறது என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வருகிற வியாதிகளில் நிறைய தானாகவே சரியாகிறவை. அதில் டாக்டரும் பேர் வாங்கலாம், மந்திரிப்பவரும் வாங்கலாம்.

காய்ச்சல் வலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திலிருந்து அஞ்சு வயது வரைக்கும் வரும். பார்க்கவே பயங்கரம், கண் மேலே செருகிவிடும். ஆனால் பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துக்குள் தானே நின்றுவிடும், மூளைக்கும் ஒன்றும் ஆகாது. வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும்போது நின்றால் வேப்பிலைக்குப் பேர். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்து மயங்கினாலோ கதை வேறு, அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. அதுதான் பிரச்சினை.

காமாலை இறக்குவது தெரியுமா? பிள்ளையின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவுவார்கள், தண்ணீர் மஞ்சளாகும், வியாதி இறங்குகிறது என்பார்கள். அதற்கு முன்னால் கையில் தடவிய மாம்பட்டைச் சாறு சுண்ணாம்போடு சேர்ந்தால் யார் கையாக இருந்தாலும் மஞ்சள்தான். பிள்ளைகளுக்கு வருகிற ஏ வகைக் காமாலை சாதாரணமாகச் சில வாரத்தில் தானே போய்விடும், அதனால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் வெற்றி. ஆனால் பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால், அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஆபரேஷனை 60 நாளைக்குள் செய்தால் பலன் அதிகம். அந்த அறுபது நாளைத்தான் கயிறும் கீழாநெல்லியும் தின்றுவிடும்.

நாய்க்கடியும் அப்படித்தான். கடித்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி இருக்காது. அதனால் வேர் கட்டுகிறவர் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிப்பார். வெறி இருந்த ஒரு நாய் கடித்த பிள்ளை, நோய் வெளியே தெரிந்த பிறகு பிழைப்பது அரிதிலும் அரிது. சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். காசு இல்லை.

பாம்பும் அதே கணக்குதான். விஷமில்லாத பாம்பு, விஷம் இறக்காத கடி எல்லாம் மந்திரத்தில் குணமாகும். கட்டுவிரியன் கடித்தால் பல் பட்ட தடம்கூடத் தெரியாது, வலியும் இருக்காது. பிள்ளைக்கு வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இமை தொங்கும், மூச்சுத் தசை நின்றுவிடும்.

டைப் 1 சர்க்கரையில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 1922 ஜனவரியில் கனடாவில் 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள், எந்த மதத்துப் பிள்ளைகளாக இருந்தாலும், கொஞ்ச காலத்தில் செத்துப்போனார்கள். அவர்களுக்காகவும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

காட்பாடி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. நாங்கள் போனபோது சிஸ்டர் சொன்ன மாதிரியே மூச்சு. மெஷினில் நம்பரே வரவில்லை, ஹை என்று மட்டும் காட்டியது. அப்பா கொஞ்சம் தயங்கினார். அம்மா தயங்கவே இல்லை. சொல்லப்போனால் யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பெரியவர் சொன்னதை மீறினோம் என்கிற பழி தன் மேல் விழாமல் இருக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஹெச்.எம். அந்தப் பழியை ஏற்றுக்கொண்டார்.

தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். இப்போது கண் விழித்துப் பேசுகிறாள்.

அப்பா இன்னும் குழப்பத்தில் இருக்கிறார். அவர் சொன்னது எனக்கும் புதிர்தான். "பெரியவர் கை வைத்த பிறகு சுகர் நார்மலாத்தான் மேடம் இருந்துச்சு. ஊசி அளவைக் குறைச்சும் ஏறவே இல்ல. அதனாலதான் நம்பினோம்" என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். இது எப்படி?

வார்டு சிஸ்டர்:

டீச்சர், இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

டைப் 1-ஐக் கண்டுபிடித்து ஊசி ஆரம்பித்த பிறகு, நிறையப் பிள்ளைகளுக்குச் சில வாரமோ சில மாதமோ ஒரு நல்ல காலம் வரும். ஆஸ்பத்திரியில் தேனிலவுக் காலம் என்போம். கணையத்தில் மிச்சம் மீதி இருக்கிற செல்கள், ஊசி மருந்து வந்து பாரத்தைக் குறைத்ததும் கொஞ்சம் தெம்பாகி இன்சுலின் சுரக்கும். ஊசி அளவு மளமளவென்று குறையும், சர்க்கரை நார்மலாக நிற்கும். பார்க்கிறவர்களுக்குக் குணமான மாதிரியே இருக்கும். அப்புறம் அந்தச் செல்களும் போய்விடும்.

பெரும்பாலும் பெற்றோர் சாமியாரிடமோ ஜெபத்துக்கோ நாட்டு மருந்துக்கோ போவது, கண்டுபிடித்த அதிர்ச்சி அடங்குகிற அந்த முதல் சில மாதத்தில்தான். யாரிடம் போனாலும் அந்த நேரத்தில் சர்க்கரை இறங்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெரியவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. அவரே மனசார நம்பியிருக்கலாம்.

எனக்குக் கோபம் ஆஸ்பத்திரி மேல்தான். இந்தத் தேனிலவைப் பற்றி டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே பெற்றோரிடம் சொல்ல வேண்டும். "சில வாரத்தில் ஊசி குறையும், சந்தோஷப்படுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள், திரும்ப ஏறும்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், பெரியவர் "குணமாகிவிட்டது" என்றபோது அந்த அப்பாவுக்கு அது ஞாபகம் வந்திருக்கும். தறிக்காரர் சொன்ன "எழுதியிருக்கு பாருங்க" வைத்தியத்தின் விளைவு இது.

தறிக்காரன்:

இதைப் போய் நான் முதல் தடவை கேள்விப்படுகிறேன் சிஸ்டர். என் கோபம் நியாயம்தான் என்று ஒருத்தராவது சொன்னீர்களே.

சபை ஊழியன்:

தேனிலவு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரை குறைந்தது என்று எங்கள் கூட்டத்திலும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், பெரியவர்கள்தான், பிள்ளைகள் இல்லை. மருந்தை நிறுத்து என்று நான் சொன்னதில்லை. ஆனால் நிறுத்தாதே என்று மேடையில் சொன்னதும் இல்லை. வருகிற வாரத்திலிருந்து ஜெபம் முடிந்ததும் அதைச் சொல்லப் போகிறேன். சிஸ்டர், சரியாக என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று எழுதித் தருவீர்களா?

வார்டு சிஸ்டர்:

"டாக்டர் குறைக்கச் சொல்லாமல் ஒரு மாத்திரையும் ஒரு ஊசியும் குறைக்காதீர்கள், சுகமானது நிஜம் என்றால் டாக்டரின் டெஸ்டிலும் தெரியும்." போதும் ஐயா. அதை நீங்கள் சொன்னால் நான் நூறு தடவை சொல்வதைவிட எடுபடும்.

கருப்புச்சட்டை:

ஆக மொத்தம் ஜெபக்கூட்டத்தை அப்படியே விட்டுவைத்துச் சீர்திருத்துகிறோம். எனக்கு உடன்பாடு இல்லை. டெஸ்டில் தெரியும் என்று சொல்வதே, சுகமாகலாம் என்று ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது. நாளைக்குத் தேனிலவுக் காலத்து டெஸ்டைக் காட்டி இன்னொருவர் மேடை ஏறுவார்.

வக்கீல் வாலாஜா:

அந்தக் கடைசி வரி சரியான கேள்வி, சிஸ்டர்.

வார்டு சிஸ்டர்:

சரிதான். "ஒரு மாதம் நார்மலாக இருப்பது குணம் இல்லை" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

டீச்சர், இனிமேல் ஆகவேண்டியதைப் பார்ப்போம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று நினைக்கிறேன். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நிழலில் வைத்தால் வேலூர் வெயிலிலும் இன்சுலின் தாங்கும். மணலில் தினம் தண்ணீர் தெளிக்க வேண்டும். இன்சுலின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மெஷினுக்கு வாங்குகிற ஸ்ட்ரிப்தான் செலவு, அதற்கு யாராவது உதவ முடியுமா என்று பாருங்கள். உங்கள் மேஜை டிராயரில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். ஊசி போட்டுச் சாப்பாடு தவறினால் வியர்த்து, நடுங்கி, உளறுவாள். உடனே வாயில் போடுங்கள். பி.டி. சாருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்பா "பிரார்த்தனையால்தான் பிழைத்தாள்" என்று சொன்னால் மறுக்காதீர்கள். ஊசி தொடர்ந்து நடக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டு ஆற்காட்டான்:

ஸ்ட்ரிப் செலவுக்கு நான் ஒரு வருஷத்துக்குப் பொறுப்பு. டீச்சர், தனிச்செய்தியில் வாருங்கள். பேர் வேண்டாம், கடைப் பில் போதும்.

காட்பாடி டீச்சர்:

கண்ணில் தண்ணீர் வருகிறது. எழுதுகிறேன்.

அந்த அம்மா ஒன்று கேட்கச் சொன்னார், சிஸ்டர். பிள்ளை கையில் அந்தப் பெரியவர் கட்டிய கயிறு இருக்கிறது. ஊசி போடும்போது அதைக் கழற்ற வேண்டுமா, இருந்தால் மருந்து வேலை செய்யாதா என்று பயப்படுகிறார். கழற்றவும் பயம்.

வார்டு சிஸ்டர்:

இருக்கட்டும். ட்ரிப் ஏற்ற மற்றக் கையைப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். இன்சுலின் தொடையிலும் வயிற்றிலும் போடுவது, கயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கை வீங்கினால் மட்டும் கயிறு இறுகும், அப்போது தளர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.